ஐந்து நிமிடத் துடிப்புகளைக் கொண்டு தன்னியக்க நரம்புகளை மதிப்பிடுதல்

ஓய்வாகப் படுத்திருக்கும் ஒருவரின் ஈசிஜி பதிவில் அடுத்தடுத்த ஐந்து துடிப்பு இடைவெளிகளை அளந்தால் 812, 845, 830, 796, 820 மில்லிவினாடி என்பது போல எண்கள் கிடைக்கும். மணிக்கட்டில் நாடி பார்ப்பவருக்கு இவை அனைத்தும் சேர்ந்து நிமிடத்துக்கு 73 என்ற ஒற்றை எண்ணாகிவிடுகின்றன. அந்த ஒற்றை எண்ணுக்குள் அடங்கிப்போகும் ஏற்ற இறக்கமே இதயத் துடிப்பு இடைவெளி மாறுபாடு, ஆய்வகங்களில் எச்.ஆர்.வி. என்று சுருக்கி வழங்குகிறோம். கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல் பகுதிகளில் உடலியங்கியல் துறைகளிலும் சர்க்கரை நோய் மருத்துவமனைகளிலும் இந்தச் சோதனையைப் புதிதாகச் செய்யத் தொடங்கும் தொழில்நுட்பர்களுக்கும் மாணவர்களுக்கும், அதைச் செய்யும் முறையை நான் பழகிய வரிசையிலேயே இங்கு எழுதுகிறேன். மென்பொருள் கொடுக்கும் எண்ணைவிட, அந்த எண் எந்த ஐந்து நிமிடத்தில் பிறந்தது என்பதே பெரிது என்ற எண்ணம் எனக்கு ஆண்டுக்கு ஆண்டு வலுத்து வருவதால், கணக்கீட்டைவிட அதற்கு முந்தைய வேலைகளைப் பற்றியே இதில் கூடுதலாகச் சொல்லியிருக்கிறேன்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நம் விருப்பத்தை எதிர்பாராமல் தாமே இயங்கி இதயம் போன்ற உறுப்புகளைக் கட்டுப்படுத்துபவை தன்னியக்க நரம்புகள்; சர்க்கரை நோய் இவற்றைப் பழுதாக்கக்கூடும். நரம்புத் தொடர்பு ஏதும் இல்லாமல் விட்டால், இதயத்தின் துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனோ ஏட்ரியல் கணு நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 முறை தானே துடிக்கும். ஓய்வில் அது 70 அளவில் நிற்பதற்குக் காரணம், உடலைத் தணிக்கும் எதிர்ப்பரிவு நரம்பாகிய வேகஸ் அதை இடைவிடாமல் இழுத்துப் பிடித்திருப்பதுதான். வேகஸ் சுரக்கும் அசிட்டைல்கோலின் ஒரு துடிப்புக்குள்ளேயே வேலை செய்து, உடனே சிதைந்தும் விடுகிறது. உடலை முடுக்கும் பரிவு நரம்பு சுரக்கும் நார்அட்ரினலினோ விளைவைக் காட்டச் சில வினாடிகள் எடுத்துக்கொள்கிறது. ஆகவே மூச்சை இழுக்கையில் துடிப்பு விரைவதும் விடுகையில் தணிவதுமாகிய வேகமான அலையைத் தோற்றுவிப்பது பெரும்பாலும் வேகஸ்தான். 1733இல் ஸ்டீபன் ஹேல்ஸ் என்பவர் மூச்சோடு சேர்ந்து இரத்த அழுத்தம் மாறுவதைக் கண்டார்; 1847இல் கார்ல் லுட்விக் மூச்சுக்கேற்பத் துடிப்பு மாறுவதைக் கருவியில் பதிவு செய்தார். இன்று உலகெங்கும் பின்பற்றப்படும் அளவீட்டு நெறிமுறை 1996இல் ஐரோப்பிய இதயவியல் சங்கமும் வட அமெரிக்க பேஸிங், மின்னுடலியங்கியல் சங்கமும் கூடி வெளியிட்டது.

முதல் நாள் மாலையே தொடங்கும் வேலை

சோதனைக்கு வருபவரிடம் முதல் நாளே பேசிவிட வேண்டும். காபி, டீ, பீடி, சிகரெட், புகையிலை வைத்த வெற்றிலை ஆகியவற்றைச் சோதனைக்கு முந்தைய 12 மணி நேரம் தவிர்க்கச் சொல்வது வழக்கம். விடிந்ததும் காபி இல்லாமல் வாசல் தாண்டாத ஊரில் இது எளிதில் நடக்காது. “காபி குடிச்சீங்களா” என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். “காலையிலிருந்து என்னென்னங்க சாப்பிட்டீங்க, எத்தனை மணிக்குங்க” என்று கேட்டால் உண்மை தானே வந்துவிடும். குடித்திருந்தால் திருப்பி அனுப்ப முடியாத நிலையில், நேரத்தைக் குறித்துக்கொண்டு சோதனையைச் செய்து, அறிக்கையில் அதை எழுதிவிட வேண்டும். உணவு முடிந்து 2 மணி நேரமாவது கடந்திருக்க வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்பவரை வெறும் வயிற்றில் வரச் சொல்வது தவறு. தாழ்சர்க்கரை நிலை துடிப்பு மாறுபாட்டையும் குலைக்கும், நோயாளியையும் ஆபத்தில் தள்ளும்.

முந்தைய இரவுத் தூக்கத்தைக் கேட்பதை நம் பகுதியில் குறிப்பாக மறக்கக் கூடாது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்டு முடித்துவிட்டோ, பல்லடம், சோமனூர் பக்கம் இரவு முழுதும் தறி ஓட்டிவிட்டோ நேராகச் சோதனைக்கு வருபவர்கள் உண்டு. அவர்களுடைய குறைந்த மாறுபாட்டில் எவ்வளவு பங்கு நரம்பின் பழுது, எவ்வளவு பங்கு தூக்கமின்மை என்று எந்த மென்பொருளாலும் பிரித்துச் சொல்ல இயலாது. ஓய்வு நாளுக்கு மறுநாள் காலை வரச் சொல்வதே அவருக்கும் நமக்கும் நல்லது.

மருந்துச் சீட்டையும் வாங்கிப் பார்க்க வேண்டும். அட்டெனலால், மெட்டோபிரலால் போன்ற பீட்டா தடுப்பான்கள் மாறுபாட்டைக் கூட்டிக் காட்டக்கூடியவை; நரம்பு வலிக்காகக் கொடுக்கப்படும் அமிட்ரிப்டிலின் அதைக் குறைக்கும். இரண்டாவதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கால் எரிச்சல் என்று வரும் சர்க்கரை நோயாளிக்கே அந்த மாத்திரையும் கொடுக்கப்படுகிறது, அவருக்கே இந்தச் சோதனையும் எழுதப்படுகிறது. ஆகவே நோயின் விளைவும் மருந்தின் விளைவும் ஒரே தாளில் கலந்து நிற்கும். எந்த மருந்தையும் நிறுத்தும் முடிவு அவருடைய மருத்துவருடையது; நாம் செய்ய வேண்டியது எழுதி வைப்பது மட்டுமே.

அறை

சித்திரை வெயிலில் கரூரிலோ ஈரோட்டிலோ பேருந்து நிறுத்தத்திலிருந்து நடந்து வந்தவரை உடனே படுக்கவைத்துப் பதிவு செய்தால், அதில் தெரிவது வெயிலின் விளைவுதான். தோலின் இரத்தக் குழாய்கள் விரிந்து, வியர்த்து, துடிப்பு ஏறியிருக்கும். அறை 24 டிகிரியை ஒட்டி இருப்பதும், வந்தவர் அரை மணி நேரம் நிழலில் உட்கார்ந்திருப்பதும் போதும். சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்ல வேண்டும். நிறைந்த சிறுநீர்ப்பை பரிவு நரம்பைத் தூண்டும். காற்றாடி நேரே மேலே படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கைப்பேசியை வாங்கி வெளியே வைப்பதில் தயவு தாட்சண்யம் கூடாது.

மின்குறுக்கீடு தனிச் சிக்கல். ஒரு முறை முகாம் ஒன்றில் விசைத்தறிக் கூடத்தை ஒட்டிய அறையில் பதிவு செய்ய வேண்டியிருந்தது. ஈசிஜி கோட்டின் மேல் 50 ஹெர்ட்ஸ் மின்சார அலை ரம்பப் பல்லாக ஏறி நின்றது. தறியின் தடதடப்பில் கட்டிலும் அதிர்ந்தது. மடிக்கணினியை மின் இணைப்பிலிருந்து கழற்றி மின்கலத்தில் ஓட்டி, கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டு, மின்வாய்களை மாற்றி ஒட்டிய பிறகு அலை அடங்கியது. ஆனால் அந்தச் சத்தத்தில் யாருடைய நரம்பும் ஓய்வில் இருந்திருக்க முடியாது என்பது பதிவுகள் எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அன்றைய பதிவுகளை நான் எதற்கும் பயன்படுத்தவில்லை.

பதிவு

மின்வாய் ஒட்டும் இடத்தை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, எண்ணெய்ப் பிசுக்கும் வியர்வையும் போன பிறகு ஒட்ட வேண்டும். ஒவ்வொரு துடிப்புக்கும் ஈசிஜியில் எழும் ஆர் முகடு உயர்ந்து கூர்மையாகத் தெரியும் லீடு இரண்டு என்ற மின்வாய் அமைப்பு பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும். கருவி அலையை அளக்கும் மாதிரியெடுப்பு வேகம் வினாடிக்கு 250 முறை என்றால் ஒவ்வொரு முகடும் 4 மில்லிவினாடிக் கட்டத்துக்குள்தான் அகப்படும். 1000 என்றால் 1 மில்லிவினாடி. மாறுபாடு ஏற்கெனவே சுருங்கிப்போன முதிய சர்க்கரை நோயாளிகளிடம் இந்த வேறுபாடு முடிவையே மாற்றக்கூடும் என்பதால் 500க்குக் குறையாமல் வைப்பது நல்லது. மார்பில் கட்டும் பட்டைக் கருவிகளில் போலார் எச்10 போன்றவை இடைவெளிகளை நம்பத்தக்க அளவு தருகின்றன. ஆனால் ஈசிஜி அலையையே கண்ணால் பார்க்காமல், முறை தவறி வரும் பிறழ் துடிப்பைப் பிரித்தறிவது கடினம். கைக்கடிகாரங்கள் அளப்பது தோலுக்கடியில் வந்து சேரும் நாடி அலையை. தூக்கத்தில் அது துடிப்போடு ஓரளவு ஒத்துப்போகும். கையை அசைத்தாலோ விரல் குளிர்ந்தாலோ ஒத்துப்போகாது. நோயறிவதற்கு அதைக் கொண்டுவருபவரிடம் மரியாதையாக மறுத்துவிடலாம்.

படுத்த நிலையில் 10 நிமிடம் ஓய்வு, பிறகு 5 நிமிடம் பதிவு. “எப்பவும்போல மூச்சு விடுங்க, பேச வேண்டாங்க, கண்ணை மூடித் தூங்கிப் போயிடாதீங்க” என்ற மூன்றையும் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். நடுவில் சொன்னால் அதுவே ஒரு தூண்டலாகிவிடும். இந்த ஐந்து நிமிடமும் பதிவு செய்பவர் வயிற்றின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்து மூச்சை எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். மூச்சு எண்ணிக்கை இல்லாத எச்.ஆர்.வி. அறிக்கையின் பாதியைப் படிக்கவே முடியாது. ஏன் என்பதைச் சற்றுக் கீழே சொல்கிறேன்.

ஒரே ஒரு பிறழ் துடிப்பு

கணக்குப் போடும் முன் பதிவைச் சுத்தம் செய்ய வேண்டும். இதன் அவசியத்தைத் தொடக்கத்தில் கொடுத்த ஐந்து எண்களை வைத்தே காட்டலாம். அடுத்தடுத்த இடைவெளிகளின் வேறுபாடுகள் 33, 15, 34, 24. இவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 3,046. நான்கால் வகுத்தால் 761.5, வர்க்கமூலம் 27.6 மில்லிவினாடி. இதுதான் ஆர்.எம்.எஸ்.எஸ்.டி., வேகஸின் வேகமான கட்டுப்பாட்டைக் காட்டும் அளவு. இப்போது இடையில் ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வந்து, இடைவெளிகள் 812, 845, 520, 1120, 820 ஆகிவிட்டதாகக் கொள்வோம். அதே கணக்கு 373 மில்லிவினாடி என்று சொல்லும். ஐந்து துடிப்புகள்தானே, ஐந்து நிமிடப் பதிவில் இது கரைந்துவிடாதா என்று கேட்கலாம். மற்ற இடமெல்லாம் 27.6 அளவிலேயே இருக்கும் 366 துடிப்புகளின் நடுவே இந்த ஒன்று மட்டும் புகுந்தாலும், மொத்த எண் 48 அளவுக்கு ஏறிவிடும். குறைவு என்று எழுத வேண்டிய ஒருவரை ‘நல்ல மாறுபாடு’ என்று எழுதி அனுப்ப ஒரு பிறழ் துடிப்பு போதும்.

ஆகவே இடைவெளி வரைபடத்தில் கூராக எழும் ஒவ்வொரு முள்ளுக்கும் நேரான ஈசிஜியைத் திறந்து பார்க்க வேண்டும். முகட்டை மென்பொருள் தவறவிட்டிருந்தால் கையால் குறிக்கலாம். உண்மையான பிறழ் துடிப்பாக இருந்தால் அக்கம்பக்கத்து இடைவெளிகளைக் கொண்டு ஈடுசெய்யலாம். பின்லாந்தில் உருவான கூபியோஸ் போன்ற மென்பொருள்கள் இதைத் தாமாகவே செய்யும். ஆனால் திருத்தத்தின் கடுமையைக் கூட்டிவைத்தால், இளைஞர்களிடம் இயல்பாகவே காணப்படும் பெரிய மூச்சலைகளையும் பிழையென்று வெட்டி எறிந்துவிடும். திருத்திய துடிப்புகள் நூற்றுக்கு ஐந்தைத் தாண்டினால் நான் அந்தப் பதிவை ஒதுக்கிவிட்டு மீண்டும் எடுப்பேன். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற துடிப்பு உள்ளவர், பேஸ்மேக்கர் துடிப்பில் வாழ்பவர் ஆகியோருக்கு இந்தச் சோதனையே பொருந்தாது. அங்கே காணும் மாறுபாடு நரம்பினுடையது அன்று.

எண்களைப் படித்தல்

நாற்பது வரிகள் கொண்ட அறிக்கையில் எனக்கு வேண்டியவை சிலவே: சராசரித் துடிப்பு, எஸ்.டி.என்.என்., ஆர்.எம்.எஸ்.எஸ்.டி., எச்.எஃப். திறன் (வேகமான அலையின் அளவு), மூச்சு எண்ணிக்கை. எஸ்.டி.என்.என். என்பது எல்லா இடைவெளிகளின் திட்டவிலக்கம். மொத்த மாறுபாட்டைக் காட்டும். பதிவு நீள நீள அது கூடும் என்பதால் ஐந்து நிமிட எண்ணை 24 மணி நேர எண்ணோடு ஒப்பிடக் கூடாது. மாரடைப்புக்குப் பின் 50 மில்லிவினாடிக்குக் கீழே இறங்கியவர்களின் இறப்பு வாய்ப்பு, 100க்கு மேல் இருந்தவர்களைவிட ஐந்து மடங்குக்கு மேல் என்று 1987இல் கிளைகரும் உடனாய்வாளர்களும் காட்டியது 24 மணி நேரப் பதிவில்தான். அந்த 50ஐ எடுத்து ஐந்து நிமிடத் தாளில் வைத்துப் பார்த்து, நல்ல உடல்நிலையில் இருப்பவரைக் கலங்கடித்த அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன். நலமுள்ள பெரியவர்களின் குறுகிய நேரப் பதிவுகளைத் தொகுத்த 2010ஆம் ஆண்டு ஆய்வொன்றில் எஸ்.டி.என்.என். சராசரியே 50 மில்லிவினாடி, ஆர்.எம்.எஸ்.எஸ்.டி. 42. இவையும் வயது ஏற ஏறக் குறைபவை. ஆகவே அறுபது வயதுக்காரரை இருபது வயது மாணவரின் எண்ணோடு வைத்துப் பார்ப்பதில் பொருளில்லை.

அதிர்வெண் பகுப்பாய்வில் இடைவெளித் தொடரை அலைகளாகப் பிரிக்கிறோம். 0.15 முதல் 0.40 ஹெர்ட்ஸ் வரை எச்.எஃப். என்னும் வேகமான அலைப் பட்டை, 0.04 முதல் 0.15 வரை எல்.எஃப். என்னும் மெதுவான அலைப் பட்டை. மூச்சு எண்ணிக்கை முக்கியமாவது இங்கேதான். நிமிடத்துக்கு 12 மூச்சு என்பது 0.20 ஹெர்ட்ஸ், மூச்சலை எச்.எஃப். பட்டைக்குள் விழும். மூச்சு 9க்குக் கீழே இறங்கினால் அதே வேகஸ் அலை எல்.எஃப். பட்டைக்குள் நழுவிவிடும். ஆழியாறு அறிவுத் திருக்கோயில் பக்கம் மனவளக்கலை பழகியவர்களும், நெடுநாள் பிராணாயாமம் செய்தவர்களும் படுத்தவுடன் தம்மை அறியாமலே நிமிடத்துக்கு ஆறேழு மூச்சுக்கு வந்துவிடுவது உண்டு. அவர்களுடைய எல்.எஃப். வானளாவ எழும், எச்.எஃப். சுருங்கும். மூச்சை எண்ணாதவர் அதைப் பார்த்து, ‘பரிவு நரம்பு மிகைத்திருக்கிறது, மன அழுத்தம் அதிகம்’ என்று எழுதுவார். ஊரிலேயே அமைதியாகப் படுத்திருந்தவர் அவராகத்தான் இருப்பார்.

இதிலிருந்தே எல்.எஃப்., எச்.எஃப். விகிதத்தைப் பற்றிய என் கருத்தும் தெளிவாகும். அதைப் பரிவுக்கும் எதிர்ப்பரிவுக்கும் இடையிலான தராசு முள்ளாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் பரவலாக இருக்கிறது. எல்.எஃப். அலையில் வேகஸுக்கும் பெரும் பங்கு உண்டு, இரத்த அழுத்த உணரிகளின் எதிர்வினைக்கும் பங்கு உண்டு. அது பரிவு நரம்பின் தனி அளவு அன்று. 2013இல் பில்மன் என்ற ஆய்வாளர் இதை விரிவாக மறுத்து எழுதிய பிறகும் விற்பனைக்கு வரும் கருவிகள் வண்ணத் தராசுப் படத்தைக் கைவிடவில்லை. நான் அந்த விகிதத்தை அறிக்கையில் விட்டுவைக்கிறேன், விளக்கவுரையில் சேர்ப்பதில்லை.

நரம்பைக் கேள்வி கேட்டல்

ஓய்வில் எடுத்த எண் நரம்பின் இருப்பை மட்டும் சொல்லும். அதன் திறனை அறிய வேண்டுமானால் அதற்கு ஒரு வேலை கொடுத்துப் பார்க்க வேண்டும். ஈவிங்கும் கிளார்க்கும் சர்க்கரை நோயாளிகளுக்காக வகுத்து, 1982இல் எல்லைகளோடு வெளியிட்ட சோதனைகள் இன்றும் பயன்படுவது அதனால்தான். இவற்றைச் செய்யாத எச்.ஆர்.வி. ஆய்வு, உழவு பார்க்காமல் கட்டுத்தறியிலேயே மாட்டுக்கு விலை பேசுவது போன்றது.

ஆழ்ந்த மூச்சுச் சோதனையில் 5 வினாடி இழுத்து 5 வினாடி விட்டு, நிமிடத்துக்கு ஆறு மூச்சு. நாம் கையை மெல்ல உயர்த்தித் தாழ்த்திக் காட்டினால் எழுதப் படிக்கத் தெரியாதவரும் தவறாமல் தொடர்வார். சுவரில் ஓடும் கணினிப் பட்டையைவிடக் கை நன்றாக வேலை செய்கிறது. ஒவ்வொரு மூச்சிலும் உச்சத் துடிப்பிலிருந்து தாழ்ந்த துடிப்பைக் கழித்து, ஆறின் சராசரியை எடுக்க வேண்டும். 15 அல்லது அதற்கு மேல் இயல்பு. 11 முதல் 14 வரை ஐயம். 10ம் அதற்குக் கீழும் குறை. இந்த எல்லைகள் வயதுக்கேற்பத் திருத்தப்படாதவை என்பதால் எழுபது வயதுக்காரரிடம் கண்ட 10ஐ அதே கடுமையோடு படிக்க வேண்டியதில்லை.

எழுந்து நிற்கும் சோதனையில் படுத்திருப்பவர் பிறர் கை பிடிக்காமல் சட்டென்று எழுந்து நிற்க வேண்டும். உயரமான கட்டிலில் கால் தரையைத் தேடும் நேரத்திலேயே சோதனை வீணாகிவிடும். தாழ்ந்த கட்டில் அல்லது உறுதியான பலகை போதும். நின்ற பின் 15ஆவது துடிப்பை ஒட்டி வரும் மிகக் குறுகிய இடைவெளியால், 30ஆவதை ஒட்டி வரும் மிக நீண்ட இடைவெளியை வகுக்க வேண்டும். குறுகியது 620, நீண்டது 740 என்றால் விகிதம் 1.19. 1.04ம் மேலும் இயல்பு, 1.00ம் கீழும் குறை. கூடவே படுத்த நிலையிலும், நின்று 1, 3 நிமிடங்களிலும் இரத்த அழுத்தம் எடுக்க வேண்டும். மேல் அழுத்தம் 20 அல்லது கீழ் அழுத்தம் 10 இறங்கினால் அது நிலைமாற்றத் தாழழுத்தம். பக்கத்தில் ஒருவர் தாங்கத் தயாராக நிற்க வேண்டும். விழுந்த பிறகு கிடைக்கும் எண்ணால் பயனில்லை. நின்ற நிலையிலேயே மேலும் 5 நிமிடம் பதிவு செய்தால், இயல்பானவரிடம் எச்.எஃப். தெளிவாகக் குறைவதைக் காணலாம். படுத்த பதிவும் நின்ற பதிவும் ஒன்றுபோலவே இருந்தால், அந்த மாற்றமின்மையே கண்டறிதல்.

வால்சால்வா சோதனையில் குழாயில் ஊதி 40 மி.மீ. பாதரச அழுத்தத்தை 15 வினாடி தாங்கச் செய்து, விட்ட பின் வரும் மிக நீண்ட இடைவெளியை, ஊதும்போது வந்த மிகக் குறுகியதால் வகுக்கிறோம், 1.21ம் மேலும் இயல்பு. குழாயில் சிறு கசிவு வைத்திருந்தால் கன்னத்தை உப்பி ஏமாற்ற முடியாது. சர்க்கரையால் விழித்திரையில் புதுக் குழாய்கள் முளைத்தவர்களுக்கு இதைச் செய்யவே கூடாது. கண்ணுக்குள் இரத்தம் கசியக்கூடும். கண் பரிசோதனைச் சீட்டைப் பார்க்காமல் குழாயை நீட்டக் கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

அறிக்கை எழுதுதல்

பத்தாண்டாகச் சர்க்கரை நோயுள்ள ஐம்பது வயதுப் பெண்ணொருவரை எடுத்துக்கொள்வோம். ஓய்வுத் துடிப்பு 98, ஆர்.எம்.எஸ்.எஸ்.டி. 6 மில்லிவினாடி, மூச்சு 15, ஆழ்ந்த மூச்சில் வேறுபாடு 4, எழுந்து நிற்கையில் விகிதம் 1.00, அழுத்தம் இறங்கவில்லை. இங்கே எல்லா அளவுகளும் ஒரே பக்கம் சாய்கின்றன: வேகஸின் பிடி தளர்ந்துவிட்டது, குழாய்களைச் சுருக்கும் பரிவு நரம்பு இன்னும் தாக்குப்பிடிக்கிறது. நீளமான நரம்பே முதலில் பழுதாகும் என்பதால் இந்த வரிசை எதிர்பார்க்கத்தக்கதே. துடிப்புச் சோதனைகளில் ஒன்று மட்டும் குறைந்தால் தொடக்க நிலை என்றும், இரண்டோ மேலோ குறைந்தால் இதயத் தன்னியக்க நரம்புப் பாதிப்பு உறுதி என்றும், அதோடு நிலைமாற்றத் தாழழுத்தமும் சேர்ந்தால் முற்றியது என்றும் வகைப்படுத்துவது வழக்கம். இவர் இரண்டாம் படியில் இருக்கிறார். மாறாக, ஆர்.எம்.எஸ்.எஸ்.டி. மட்டும் தாழ்ந்து, கேள்வி கேட்கும் சோதனைகள் எல்லாம் இயல்பாக இருந்தால், நான் நோய் என்று எழுதமாட்டேன். தூக்கத்தையும் மருந்தையும் மீண்டும் விசாரித்துவிட்டு, வேறொரு நாள் வரச் சொல்வேன்.

மறுமுறை வரும்போது அதே மணி, அதே அறை, அதே கட்டில், முடிந்தால் அதே ஆள் என்று அமைத்துக்கொள்ள வேண்டும். அதனால் முதல் அறிக்கையின் அடியிலேயே பதிவு தொடங்கிய நேரம், அறை வெப்பம், கடைசியாக உண்டதும் குடித்ததும், முந்தைய இரவுத் தூக்கம், மருந்துகள், மூச்சு எண்ணிக்கை, திருத்திய துடிப்புகளின் எண்ணிக்கை ஆகியவற்றை ஒரு வரியில் எழுதி வைப்பது வழக்கமாக வேண்டும். அந்த வரியை நோயாளியின் கையில் கொடுக்கும் தாளிலேயே அச்சிட்டுவிடுகிறேன். ஆறு மாதம் கழித்து அவர் எந்த ஊர் மருத்துவமனைக்குப் போனாலும் தாள் அவரோடு போகும்.